கிரீம் டப்பால "கார்பன் நியூட்ரல்"னு போட்டிருந்தா நாம என்ன கேக்கணும்

ஸ்கின்கேர் கம்பெனிங்க இப்போ "எங்க ஃபேக்டரி முழுக்க சோலார்லயும் காத்தாலைலயும் ஓடுது, நாங்க கார்பன் நியூட்ரல்"னு சொல்லிகினு இருக்காங்க. அதாவது வெளிய விடற கார்பன குறைச்சு, மிச்சத்த வேற எடத்துல ஈடு கட்டி கணக்க பூஜ்யம் ஆக்கிட்டோம்னு அர்த்தம். சோலார்ல ஓடறது நல்ல விஷயம்தான், அத நான் குறைச்சு பேசல. ஆனா ஒரு கிரீமோட மொத்த கார்பன் கணக்குல ஃபேக்டரியோட பங்கு ரொம்ப சின்னது, பெரிய பங்கு வேற ஊர்ல, வேற யாரோட தலை மேலயோ இருக்குது. இது பாலாத்தங்கரைல வளர்ந்தவங்களுக்கு சட்டுனு புரியும்.

ஒரு கம்பெனியோட கார்பன் கணக்க ஸ்கோப்னு மூணு பங்கா பிரிக்கறாங்க. கம்பெனி தானே எரிக்கற டீசல், கேஸ் எல்லாம் ஸ்கோப் 1. காசு குடுத்து வாங்கற கரண்ட் ஸ்கோப் 2. மிச்சம் எல்லாமே ஸ்கோப் 3, அதாவது மூலப்பொருள், டப்பா, லாரி, கப்பல், நாம அத யூஸ் பண்றது, கடைசில குப்பைல போடறது வரைக்கும், அது மட்டுமே 15 பிரிவு. கிரீம்ல இருக்கற கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், ஃபேஸ்வாஷ்ல நுரை வர வைக்கற சரக்கு இதுல நிறைய பாமாயில், பாம் கெர்னல் எண்ணெய்லேர்ந்துதான் வருது. உலகத்து பாமாயில்ல பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா சரக்கு, அங்க காட்டை அழிச்சு சதுப்பு நிலத்துல தண்ணிய வடிச்சு தோட்டம் போட்ட இடத்துல எல்லாம் ஆயிரக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள இருந்த கார்பன் வெளிய வந்துடுது. எங்கயோ ஐரோப்பால இருக்கற ஃபேக்டரியோட கரண்ட் மீட்டர்ல இது எப்படி தெரியும்?

நம்ம வேலூர் பக்கம் நடந்ததும் இதேதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் எல்லாம் ஷூவாவும் பேகாவும் வெளிநாட்டு ஷோரூமுக்கு போச்சு, ஷோரூம் சுத்தமா இருந்துச்சு, கழிவுத் தண்ணி மட்டும் பாலாத்துலயும் கெணத்துலயும் இறங்குச்சு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ்ல 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, தோல் தொழில் நடக்கற பகுதில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாயிடுச்சுன்னு அந்த தீர்ப்புலயே பதிவாயிருக்குது. மாசு பண்ணவன்தான் செலவ ஏத்துக்கணும்ங்கற கொள்கை நம்ம நாட்டு சட்டத்துல உறுதியானது அந்த கேஸ்லதான், நம்ம ஜில்லா பேரோட. அதனாலதான் ஒரு கம்பெனி ஸ்கோப் 1, 2 மட்டும் காட்டிட்டு ஸ்கோப் 3 பத்தி வாயே திறக்கலன்னா எனக்கு கோவம் வருது. சப்ளையர் ஊர்னு அவங்க சாதாரணமா சொல்றது ஒரு காலத்துல நம்ம ஊரு.

இன்னொன்னு, சுடுதண்ணி. மூஞ்சி கழுவற, குளிக்கற பொருள் விக்கற பெரிய கம்பெனிங்களுக்கு நாம பாத்ரூம்ல சூடு பண்ற தண்ணியோட கார்பனே பெரிய பங்கா வருது. 15 லிட்டர் பக்கெட் தண்ணிய கெய்சர்ல 15 டிகிரி ஏத்தினா கால் யூனிட்டுக்கு கொஞ்சம் மேல கரண்ட் ஆகும், நம்ம நாட்டு கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு வெச்சா ஒரு பக்கெட்டுக்கு 200 கிராம் கிட்ட வருது. வேலூர்ல சித்திரை வைகாசில மொட்டை மாடி டேங்க் தண்ணியே கை வெக்க முடியாத சூட்ல வருது, மார்கழி தை விட்டா இங்க கெய்சருக்கு பெருசா வேலையே இல்ல. அதனால தண்ணி ஊத்தி சுலபமா அலசற மாதிரி, பச்சத் தண்ணிலயே நல்லா போற மாதிரி பொருள் பண்றது கம்பெனி கைலதான் இருக்குது, அத நம்ம தலைல மட்டும் கட்டக்கூடாது.

அப்புறம் இலக்கு. இத நல்லா கவனிச்சு படிங்க. நிவியா பண்ற பெயர்ஸ்டோர்ஃப், ஸ்கோப் 1, 2, 3 சேத்து 2018 அளவுலேர்ந்து 2025க்குள்ள மொத்தமா 30 சதவீதம் குறைக்கறேன்னு இலக்கு வெச்சாங்க. லோரியல் 2020ல சொன்னது 2016 அளவுலேர்ந்து 2030க்குள்ள "ஒரு பொருளுக்கு" 50 சதவீதம். பாத்தா 50தான் பெருசா தெரியும், ஆனா ஒரு பொருளுக்கு பாதியாக்கிட்டு விக்கறத ரெண்டு மடங்கு ஆக்கினா வானத்துக்கு போற புகை அப்படியேதான் இருக்கும். லோரியலும் பின்னாடி மொத்தக் கணக்குல இலக்கு வெச்சாங்க, அது சரியான மாற்றம். எந்த வருஷத்தோட ஒப்பிடறாங்க, மொத்தமா இல்ல ஒரு பொருளுக்கா, ஸ்கோப் 3 உண்டா, இந்த மூணும் எழுதலன்னா அந்த சதவீதத்துக்கு மதிப்பே இல்ல.

2024 அக்டோபர்ல நம்ம நாட்டுலயும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதுக்கு வழிகாட்டு விதி போட்டிருக்குது. கிரீன், கார்பன் நியூட்ரல், நெட் ஜீரோன்னு எல்லாம் ஆதாரம் இல்லாம சும்மா போடக்கூடாது, விவரத்த விளம்பரத்துலயோ கியூஆர் கோட் மூலமாவோ காட்டணும், இத்தனாவது வருஷத்துக்குள்ள பண்ணுவோம்னு சொன்னா எப்படிங்கற திட்டம் தெளிவா இருக்கணும். நேதாஜி மார்க்கெட் பக்கம் வாங்கினாலும் சரி ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, டப்பாவ திருப்பி அந்த கோட ஸ்கேன் பண்ணி பாருங்க. ஒண்ணும் இல்லன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு கம்ப்ளைன்ட் குடுங்க.