பாட்டிலுக்குள் நுரை ஏற்றுதல்: ஒரு பேல் ஏல் குறிப்பேடு

இந்தத் தடவை பேல் ஏலை (வெளிர் நிற பீர் வகை) பாட்டிலில் அடைக்கும்போது பிரைமிங் சர்க்கரையின் (பாட்டிலுக்குள் வாயு உண்டாக அடைக்கும் நேரத்தில் சேர்க்கும் சர்க்கரை) அளவை எங்கோ பார்த்து அப்படியே கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்க நினைத்தேன். அதோடு ஒரே பீரைச் சில வேறு விதங்களில் அடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கவும் ஆசை. செய்து முடித்தபோது எனக்கு உறுதியானது இதுதான்: சர்க்கரையின் எடை கணக்கின் கடைசி வரி மட்டுமே. நொதிப்பு உண்மையிலேயே முடிந்துவிட்டதா, பீர் எந்த வெப்பநிலையில் இருந்தது, இந்த இரண்டும் தெரியாமல் தராசை எடுப்பதில் பயனில்லை.

முதலில் நொதிப்பு. ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி; சர்க்கரை நொதிக்க நொதிக்க அளவு இறங்கும்) 1.011 காட்டியது. சில நாள் விட்டுப் பார்த்தேன், மறுபடியும் 1.011. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) குமிழி நின்றுவிட்டதை மட்டும் நம்பி நான் அடைப்பதில்லை. மூடி இறுகாமல் வாயு வேறு வழியாகப் போனாலும் குமிழி நிற்கும். நொதிப்பு முடிந்த பிறகு அறை கொஞ்சம் சூடானாலே, கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். அளவு மாறாமல் நிற்பதுதான் சாட்சி. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளி, அதாவது 0.001 இறங்கினால், மூடிய பாட்டிலுக்குள் சுமார் அரை வால்யூம் (இந்த அளவை அடுத்துச் சொல்கிறேன்) வாயு சேரும். இன்னும் நான்கு புள்ளி இறங்க வேண்டிய பீரை அவசரப்பட்டு அடைத்தால், சர்க்கரையே போடாமல் 2 வால்யூம் கூடிவிடும். அதற்கு மேல் பிரைமிங் சர்க்கரையும் சேர்ந்தால் சாதாரணக் கண்ணாடி பாட்டில் தாங்கும் என்று சொல்ல முடியாது. வெடிக்கும் பாட்டில் விளையாட்டு விஷயமில்லை.

இந்த வால்யூம் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கரியமில வாயு கரைந்திருந்தால் அது 1 வால்யூம். எடையில் பார்த்தால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 2 கிராம். பாரம்பரிய ஆங்கிலேய ஏல்களுக்கு 1.5 முதல் 2 வரை, அமெரிக்க பேல் ஏலுக்கு 2.2 முதல் 2.7 வரை, ஜெர்மன் கோதுமை பீருக்கு 3.3-உம் அதற்கு மேலும் என்பது பொதுவான வழக்கம். நான் 2.4 என்று வைத்துக்கொண்டேன். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை மேலெழுந்து வர அது போதும். அதற்கு மேல் போனால் நாக்கில் வாயுவின் புளிப்புக் கடி முன்னால் வந்து மால்ட் (முளைகட்டிய தானியம்) ருசி பின்னால் போய்விடுகிறது என்பது என் ருசி.

சர்க்கரை என்ன செய்கிறது என்பது எளிது. ஈஸ்ட் அதைத் தின்று ஏறக்குறைய பாதி எடையைக் கரியமில வாயுவாகவும், பாதியை ஆல்கஹாலாகவும் மாற்றுகிறது. சாதாரண வெள்ளைச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டால் 1 வால்யூம் கிடைக்கும். அப்படியானால் 2.4-க்கு 9 கிராம் போல போட வேண்டுமா? வேண்டாம். நொதித்த பீரிலேயே கொஞ்சம் வாயு கரைந்து மிச்சமிருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் நொதித்த பீரில் அது சுமார் 0.86 வால்யூம். மீதி 1.54-ஐ மட்டும் நாம் கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். என் பீர் 20 டிகிரியில் நொதித்தது, ஆனால் வண்டல் நன்றாகக் கீழே இறங்கட்டும் என்று அடைப்பதற்கு முன் ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் குளிர்வித்திருந்தேன். கணக்கில் எந்த வெப்பநிலையைப் போடுவது? குளிர்ந்த திரவத்தில் வாயு அதிகம் கரையும் என்பது சரிதான். 4 டிகிரியில் மிச்சம் 1.48 வால்யூம் என்று அட்டவணை சொல்லும். ஆனால் அந்த அட்டவணை, அந்த வெப்பநிலையிலேயே நொதித்து முடித்த பீருக்கானது. என் பீர் 20 டிகிரியில் இருந்தபோதே மிகையான வாயு வெளியே போய்விட்டது. நொதிப்பு முடிந்த பிறகு குளிர்வித்தால் புதிதாக வாயு உற்பத்தி ஆவதில்லை. மேலே இருக்கும் சொற்ப வாயு திரும்பக் கரையலாம், அவ்வளவுதான். ஆகவே நொதிப்பு ஓய்ந்த பிறகு பீர் தொட்ட அதிகபட்ச வெப்பநிலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் சின்னதில்லை. வாளிக்கு வந்து சேர்ந்த பீர் 18 லிட்டர். 20 டிகிரி கணக்கில் 105 கிராம் சர்க்கரை. 4 டிகிரி கணக்கில் 63 கிராம்தான் வரும். அந்த 63-ஐப் போட்டிருந்தால் பீர் 1.8 வால்யூமில் நின்றிருக்கும். குடிக்கலாம், ஆனால் பேல் ஏல் என்று நினைத்துக் குடிப்பவருக்குச் சப்பென்று இருக்கும். குளிர்வித்த பீரில் நுரை வரவில்லை என்று ஈஸ்டின் மேல் பழி போடுவதற்கு முன் இந்தக் கணக்கைச் சரிபார்ப்பது நல்லது. குளிர்வித்த பிறகும், கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் ஈஸ்டே இந்த வேலைக்குப் பொதுவாகப் போதும்.

எந்தச் சர்க்கரை என்பதில் எனக்குப் பெரிய விருப்பு வெறுப்பு இல்லை. கடைகளில் பொடியாக வரும் டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் சர்க்கரை) நீர்ச் சேர்மானம் இருப்பதால் எடை கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இதே பீருக்கு 122 கிராம் போல ஆகும். வெள்ளைச் சர்க்கரை போட்டால் ருசி கெடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். லிட்டருக்கு 6 கிராம்கூட இல்லாத அளவில் என் நாக்குக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

சர்க்கரையைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, சுத்திகரித்த வாளியின் அடியில் ஊற்றினேன். அதன் மேல் சைஃபன் குழாயின் முனையை வாளியின் சுவரை ஒட்டி அடியில் படுக்க வைத்து பீரை இறக்கினேன். குழாய் அப்படி இருந்தால் பீர் மெதுவாகச் சுழன்றுகொண்டே நிறையும், பாகு தானாகக் கலக்கும். இருந்தாலும் நான் அதை மட்டும் நம்பவில்லை. பாகு பீரைவிடக் கனமானது, அடியில் தங்கப் பார்க்கும். நீளக் கரண்டியால் மேற்பரப்பு கலங்காமல் அடியிலிருந்து மெல்லச் சுற்றிவிட்டேன். தெறிக்கவிட்டுக் கலக்கினால் ஆக்சிஜன் உள்ளே போய், நாளாக ஆக நனைந்த அட்டை போன்ற ருசி வந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில பாட்டில்களுக்கு மட்டும், பாகு கலக்காத பீரை முன்பே எடுத்து, பாட்டிலுக்குப் பாட்டில் சர்க்கரையை நேராகப் போட்டேன் (அந்த பீரைச் சேர்க்காமல்தான் மேலே சொன்ன 18 லிட்டர்). 330 மில்லி பாட்டிலுக்கு 1.9 கிராம். இங்கே தராசுதான் பிரச்சினை. அரை கிராம் கூடினாலோ குறைந்தாலோ 0.4 வால்யூம் மாறிவிடும். கிராம் கணக்கில் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நகை எடைபோடும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். வாளியில் 105 கிராமுக்குப் பதில் 106 விழுந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொன்று, சர்க்கரை இருக்கும் பாட்டிலில் பீர் இறங்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் வாயு பொங்கி, நுரை கழுத்துவரை ஏறுகிறது. பொறுமையாக நிரப்ப வேண்டியிருந்தது.

நிரப்பும் குழாய் உள்ளே இருக்கும்போது விளிம்புவரை நிரப்பி, குழாயை வெளியே எடுத்தால் மேலே இரண்டு விரற்கடை போல இடம் விட்டு நிற்கும். அது சரியான அளவு. மூடி போட்டாயிற்று. இரண்டு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அதே பீரை அடைத்தேன். கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் திறக்காமலே அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அழுத்திப் பார்த்தால் போதும்.

பெரும்பாலான பாட்டில்கள் 24 டிகிரி அளவுக்கு இருக்கும் அலமாரியில், மூடிய பெட்டிக்குள். கொஞ்சத்தை 15 டிகிரி போல இருக்கும் குளிர்ந்த தரைமூலையில் வைத்தேன்.

அலமாரியிலிருந்த சோடா பாட்டில் ஒரு வாரத்துக்குள் கல்லாக இறுகிவிட்டது. சரி, ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்று ஒரு கண்ணாடி பாட்டிலைச் சில மணி நேரம் குளிர்வித்துத் திறந்தேன். மூடி எடுத்ததும் பலமாகச் சீறியது. கோப்பையில் ஊற்றினால் பெரிய பெரிய குமிழ்களாக நுரை எழுந்து, நான் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அடங்கிவிட்டது. வாயில் லேசான இனிப்பு, கடி இல்லை. வாயு உண்டாகத் தொடங்கியிருக்கிறது, ஆனால் சர்க்கரை இன்னும் முழுதாக நொதிக்கவில்லை. சோடா பாட்டில் இறுகிவிட்டால் ஈஸ்ட் வேலை செய்கிறது என்று மட்டும்தான் பொருள்.

மூன்றாவது வாரம் திறந்தது வேறு பீர். சீறல் மென்மையாக இருந்தது. நுரை சின்னச் சின்னக் குமிழ்களாக ஏறி, குடிக்கக் குடிக்கக் கோப்பையின் உட்புறத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு நின்றது. இனிப்பு போயிருந்தது. தரைமூலையில் இருந்ததை அதே நாளில் திறந்தேன்: பாதி நுரை, அந்த இனிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதியை அலமாரிக்கு மாற்றினேன், பிறகு அவையும் அதே நிலைக்கு வந்துவிட்டன. சர்க்கரை ஒன்றுதான் என்பதால் முடிவும் ஒன்றுதான். குளிர் ஈஸ்டைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

தனித்தனியாகச் சர்க்கரை போட்ட பாட்டில்களும் நன்றாகவே வந்தன. வாளியில் கலந்ததற்கும் அவற்றுக்கும் ருசியில் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இரண்டு மூன்று பாட்டில் மட்டும் அடைப்பவருக்கு அது சரியான வழி. வாளி நிறைய இருந்தால் பாகுதான்.

எனக்கு எதிர்பாராத பெரிய வேறுபாட்டைக் காட்டியது ஃபிரிட்ஜ். ஒரே நாளில் அடைத்து, ஒரே அலமாரியில் இருந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றைக் காலையில் குளிரில் வைத்து மாலையில் திறந்தேன். மற்றது சில நாள் குளிரிலேயே நின்றது. இரண்டாவதில் நுரை நெடுநேரம் நின்றது, திறக்கும்போது பொங்கவும் இல்லை. 2.5 வால்யூம் வாயு 20 டிகிரியில் பாட்டிலை உள்ளிருந்து, வெளிக்காற்றைவிட 2 பாருக்குக் கொஞ்சம் குறைவான அளவு (1 பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) கூடுதலாக அழுத்தும்; 4 டிகிரியில் அது 1 பாருக்கும் கீழே இறங்கிவிடும். அந்த வித்தியாசம் பீருக்குள் கரைவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கூடவே அடியிலுள்ள ஈஸ்டும் இறுகிப் படிவதால், கடைசி விரற்கடையை பாட்டிலிலேயே விட்டு, மேலே தெளிவாக ஊற்ற முடிகிறது.

அடுத்து கோதுமை பீர். 3.3 வால்யூம் வேண்டுமென்றால் 20 டிகிரி கணக்கில் லிட்டருக்கு 9.3 கிராம் சர்க்கரை. அதற்காகத் தடித்த கண்ணாடியும் கம்பி மூடியும் உள்ள பாட்டில்களை இப்போதே சேர்த்துவருகிறேன், ரப்பர் வளையங்களை மாற்றுவது மட்டும் பாக்கி.