46 பேருக்கும் ஒரே ஆட்டோகிராஃப்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் தன் பழைய ஆட்டோகிராஃப் நோட்டைப் படம் பிடித்துப் போட்டான். 2001இல் ப்ளஸ் டூ முடிக்கிற சமயத்தில் நான் எழுதிக் கொடுத்த பக்கம். ‘வாழ்வில் உயர வாழ்த்துகள். என்றும் மறவா நண்பன்.’ கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே அலை அலையாக மூன்று கோடு. பார்த்ததும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன்.

ஐந்து நிமிடம் கழித்து இன்னொருத்தன் தன் நோட்டைத் தேடி எடுத்துப் போட்டான். அதே வரி, அதே மூன்று கோடு. ராத்திரி பத்து மணிக்குள் ஏழு பேர் போட்டுவிட்டார்கள். “ஏலே, ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சிருந்தா கைவலியாவது மிச்சமாயிருக்கும்லா” என்று ஒருத்தன் எழுதினான்.

நியாயம்தான். வகுப்பில் 47 பேர். பிராக்டிகல் முடிந்த கையோடு 46 நோட்டும் வாசனைத் தாளோடு என் மேஜைக்கு வந்தால் நான் என்ன செய்ய? சரி, கடன் கடன்தான். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் நாலு பேருக்காவது அன்றைக்கு எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். பட்டப்பெயர் போதும். நிஜப் பெயரைச் சொன்னால் யாரென்று எங்களுக்கே தெரியாது.

முதலில் பிரவுன் ரிங். அவனுக்கு இந்தப் பெயர் வந்ததே பொதுத்தேர்வு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் அன்றைக்குத்தான். சால்ட் அனாலிசிஸில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. உப்புக் கரைசலில் புதிதாகக் கலக்கிய ஃபெரஸ் சல்பேட்டை ஊற்றி, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தை ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். அந்த வருஷம் முழுக்க அவன் குழாயில் அது நின்றதே இல்லை. நாங்கள் எழுதிய ரிசல்ட்டைப் பார்த்துத்தான் ரெக்கார்டு நோட்டை நிரப்பினான்.

பரீட்சை அன்றைக்கு நின்றுவிட்டது. எனக்கு அடுத்த மேஜை அவன். “வந்துருச்சுல, வந்துருச்சு” என்று அவன் முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னலைக் கையைத் தூக்கிக் கூப்பிட்டிருக்கலாம். இவனோ குழாயைத் தீச்சட்டி ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஒன்றாகக் கலங்கி நின்றது.

“எங்கப்பா வளையம்?”

“வர்ற வழியில இருந்துச்சு சார்.”

எங்கள் பக்கமிருந்து ஒருத்தன் அவசரமாக எழுந்து, “மூணாவது மேஜை தாண்டுற வரைக்கும் நானும் பார்த்தேன் சார்” என்று சாட்சி சொன்னான். எக்ஸ்டர்னல் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரவுன் ரிங் இப்போது திருப்பூரில் டையிங் மாஸ்டர். அவன் போடுகிற சாயம் போகாது என்று கேள்வி.

எங்கள் வகுப்புக்கும் வளையத்துக்கும் அப்படி ஒரு ராசி. கமெண்ட்ரி என்று ஒருத்தன் இருந்தான். பொதுத்தேர்வு மாதமான மார்ச்சில்தான் கொல்கத்தா டெஸ்ட்டும் வந்தது. இந்தியா ஃபாலோ ஆன் ஆகி, 274 ரன் பின்தங்கி இரண்டாவது இன்னிங்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் நாங்கள் ஐந்து பேர் அவன் வீட்டு மொட்டை மாடியில் ‘குரூப் ஸ்டடி’. நடுவில் டிரான்சிஸ்டர். காலையில் படியில் உட்கார்ந்து ஃபிசிக்ஸ் புத்தகத்தில் நியூட்டன் வளையங்கள் பக்கத்தைப் பிரித்தான். தான் எழுந்தால் விக்கெட் போய்விடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. லட்சுமணும் டிராவிட்டும் அன்றைக்கு முழுக்க அவுட் ஆகவில்லை. இவனும் எழவில்லை. கோவில்பட்டி மார்ச் வெயில் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சோறு படிக்கே வந்தது. சாயங்காலம் ஆட்டம் முடிந்தபோது அதே பக்கம் அப்படியே பிரிந்து கிடந்தது. லட்சுமண் 275, டிராவிட் 155. இவன் ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. அம்மா வந்து, “இப்படி உக்காந்து படிச்சா பிள்ளை தேறிருவான்” என்று எங்களிடம் சொன்னபோது ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் லேபிள். அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார்கள். எல்லாரும் கடையில் ஆட்டோகிராஃப் நோட்டு வாங்கியபோது, அவன் ஒட்டாத தீப்பெட்டி லேபிள்களை ஒரு கட்டாக அடுக்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, சணல் கோத்துக் கொண்டுவந்தான். முன்பக்கம் அச்சடித்த படம், பின்பக்கம் வெள்ளை. கிண்டல் பண்ணத்தான் எல்லாரும் கையில் வாங்கினார்கள். வாங்கியவன் எவனும் திருப்பித் தர மனசில்லாமல் லேபிள் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான். எந்தப் படத்துக்குப் பின்னால் யார் எழுதுவது என்று அடிதடியே நடந்தது. எனக்கு மயில் கிடைத்தது. என் வழக்கமான வரியை ஆரம்பித்தேன். இடம் பற்றவில்லை. ‘வாழ்வில் உயர’ என்பதோடு மயிலின் முதுகு முடிந்துவிட்டது. போன வாரம் அவனும் படம் போட்டான். சணல் நைந்திருந்தது. “மிச்சத்தை எப்பல எழுதப்போற?” என்று மட்டும் கேட்டிருந்தான். இந்த வருஷம் ஊருக்குப் போகும்போது எழுதிவிட வேண்டும்.

கடைசியாக ஸ்டிக். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையோடு பள்ளிக்கு வருவது அதிசயமில்லை. விடிகாலையில் பிராக்டிஸ் முடித்து, தலை காயாமல் வந்து, முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது இவனுக்கு மட்டும் வாய்த்த கலை. கணக்கு சார் ஒருமுறை கேள்வி கேட்டபோது, “பாஸ் பண்ணுல” என்று பதில் சொன்னான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்குப் போனான்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோதுதான் என் நோட்டில் அவன் என்ன எழுதினான் என்று பார்க்கத் தோன்றியது. டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன். எல்லாரும் கவிதையாகக் கொட்டியிருந்தார்கள். அவன் பக்கத்தில் ஒரே வரி: ‘பிராக்டிகலுக்கு வாங்கிய என் கிளார்க்ஸ் டேபிளைத் திருப்பித் தரவும்.’

நோட்டுக்கு அடியிலேயே இருந்தது. வகுப்பிலேயே கசங்காத லாக் டேபிள் அவனுடையதுதான், திறந்தால்தானே கசங்கும். உள் அட்டையில் அவன் பெயரும், பக்கத்தில் பேனாவால் வரைந்த ஒரு ஹாக்கி மட்டையும். அட்ரஸ் அனுப்புல, கூரியரில் போட்டுவிடுகிறேன்.