தராசும் சாக்கெட்டும்

07 அக்டோபர், செவ்வாய்

கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர் கொடுத்த வேலை, கேட்பதற்குச் சின்னதுதான். தராசு காட்டுகிற எடை நேராக பில்லுக்குப் போக வேண்டும். பையன் பார்த்துப் பார்த்துத் தட்டக் கூடாது. தராசின் முதுகில் ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது. அதில் ஈதர்நெட் கன்வர்ட்டரை மாட்டி, டிசிபி சாக்கெட் (நெட்வொர்க்கில் பைட்டுகளை வாங்க புரோகிராம் திறக்கிற வாசல்) வழியாக நான் படித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாளில் முடியும் என்று வாயை விட்டுவிட்டேன்.

முதல் கம்பைலிலேயே அடி. எப்போதும்போல ஜிசிசி கம்பைலரிடம் கறாராக ‘சி99 மட்டும்’ (சி மொழியின் 1999ஆம் வருஷத் தரம்) என்று சொல்லியிருந்தேன். முகவரி தேடித் தரும் கெட்அட்ர்இன்ஃபோ ஃபங்ஷனுக்குக் கொடுக்கிற ஸ்ட்ரக்சரின் அளவே தெரியாது என்கிறது அது. ஹெடர் ஃபைல் இருக்கிறது, சேர்த்தும் இருக்கிறேன், திறந்து பார்த்தால் அந்த ஸ்ட்ரக்சரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அரை மணி நேரம் போனபிறகுதான் உறைத்தது: நான் சொன்னதை அது அப்படியே கேட்டிருக்கிறது. சி தரத்தில் சாக்கெட் என்ற ஒன்றே கிடையாது. அது யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பாசிக்ஸ் தரத்தின் சொத்து. கறாரான சி கேட்டால் அந்தப் பகுதியை ஹெடர் மறைத்துவிடும். பாசிக்ஸ் மேக்ரோவுக்கு 200112 என்று மதிப்புக் கொடுத்ததும் சத்தமில்லாமல் கம்பைல் ஆனது. 2001 டிசம்பர் என்பதைத்தான் அந்த எண் அப்படிச் சொல்கிறது.

பெர்க்லியில் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸோடு சாக்கெட் வந்தது 1983இல். சி மொழிக்கு முதல் தரம் வந்தது 1989இல். ஆறு வருஷமாகக் கண்ணெதிரே இருந்ததைச் சேர்க்கவில்லை. சி23 வரைக்கும் சேர்க்கவில்லை. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் தராசைப் பார்த்தேன். அதற்குள் இருக்கிற சில்லுக்கும் யாரோ சியில்தான் எழுதியிருப்பார்கள். அதற்கு நெட்வொர்க்கும் இல்லை, ஃபைலும் இல்லை. இருப்பது ஒரு சீரியல் கம்பி. சாக்கெட் கட்டாயம் என்று தரம் சொன்னால் அது பாவம் எங்கே போகும்?

08 அக்டோபர், புதன்

கன்வர்ட்டரின் முகவரிதான் மாறப்போவதில்லையே என்று, முகவரி ஸ்ட்ரக்சரை நானே கையால் நிரப்பினேன். இணைப்பு மறுக்கப்படுகிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், கன்வர்ட்டரைத் திட்டினேன். கடைசியில், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால், 4001ஆம் போர்ட்டுக்குப் போக வேண்டியவன் 41231இன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். போர்ட் எண்ணை நெட்வொர்க்கின் பைட் வரிசைக்கு மாற்றுகிற எச்டிஓஎன்எஸ் போட மறந்திருக்கிறேன். இரண்டு பைட் இடம் மாறிவிட்டது. இருபது வருஷமாக சி எழுதுகிறவன் என்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை இன்று.

10 அக்டோபர், வெள்ளி

விடியற்காலை நாலரைக்குத் துறைமுகம். என் லேப்டாப்பையே தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டிமேல் வைத்து ஓடவிட்டோம். முதல் பத்துப் பன்னிரண்டு கூடை ஒழுங்காகப் போயிற்று. முதலாளி தோளில் தட்டிவிட்டு டீக்குப் போனார்.

அடுத்தது ஒரு அக்காவின் வஞ்சிரக் கூடை. தராசில் 42.350. சீட்டில் 4 கிலோ என்று ஒரு வரி, அதற்குக் கீழே 2.350 என்று இன்னொரு வரி.

“தம்பி, இங்க வா. என் மீனுல பாதிக்கு மேல உன் பொட்டி முழுங்கிடுச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கையால் எழுதிக்கொடுத்து, மீதி நேரம் பழைய முறையிலேயே ஓட்டினோம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், தப்பு முழுக்க என்னுடையது. சாக்கெட்டிலிருந்து படிக்கிற ரிசீவ் ஃபங்ஷனை ஒரு தடவை கூப்பிட்டால் ஒரு எடை வரும் என்று எழுதிவைத்திருக்கிறேன். டிசிபி அப்படி வாக்குக் கொடுத்ததே இல்லை. வரிசை மாறாமல் பைட்டுகள் வரும், அவ்வளவுதான். எங்கே வெட்டி வரும் என்பது அதன் இஷ்டம். தராசு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்புகிறது, ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். நடுவில் துளி இடைவெளி விழுந்தால் கன்வர்ட்டர் கையில் இருக்கிற ‘4’ஐ மட்டும் அனுப்பிவிடும். ‘2.350’ அடுத்த பொட்டலத்தில். வீட்டில் ஒரே மெஷினுக்குள் சோதித்தபோது எல்லாம் மொத்தமாகவே வந்ததால் இது தலைகாட்டவில்லை.

இதற்குக் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. கொடுத்த எல்லா எச்சரிக்கை ஆப்ஷன்களையும் தாண்டி, சுத்தமான சி அது. இன்னொரு அசிங்கமும் கண்ணில் பட்டது: வந்த பைட்டுகளின் முடிவில், இங்கே முடிகிறது என்று காட்டும் பூஜ்யம் வைக்காமலே எண்ணாக மாற்றியிருக்கிறேன். பழைய கூடையின் மிச்ச இலக்கம் புதிய கூடையில் ஒட்டாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

இப்போது வருவதையெல்லாம் ஒரு பஃபரில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவு வந்தால் மட்டும் எடுத்துப் படிக்கிறேன். பதினைந்து வரி. ரிசீவ் பூஜ்யத்தைத் திருப்பித் தந்தால் எதிர்முனை மூடிவிட்டது என்று அர்த்தம். அதையும் முன்பு பார்க்கவில்லை.

13 அக்டோபர், திங்கள்

மழை. படகு போகவில்லை. வேலையும் இல்லை.

16 அக்டோபர், வியாழன்

பில் போடுகிற கம்ப்யூட்டரிலேயே ஓட வேண்டுமாம். அது விண்டோஸ். ஹெடரின் பெயர் வேறு, ஆரம்பத்தில் டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்அப் கூப்பிட வேண்டும், மூடுவதற்கு குளோஸ் போதாது, குளோஸ்சாக்கெட். இதெல்லாம் சொல்லித் தடுக்கிற தப்புகள், பரவாயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கடித்தது ஒன்று: சாக்கெட் கிடைக்காவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே வரும் என்று லினக்ஸ் பழக்கத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸில் அந்த டைப்புக்கு மைனஸே கிடையாது. அந்தச் சோதனை என்றைக்கும் உண்மையாகாது. தோல்வியையும் வெற்றி என்றே எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. தரம் கைவிட்ட இடத்தில் பாசிக்ஸ் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். இங்கே பாசிக்ஸும் விருந்தாளிதான். நெட்வொர்க் தொடுகிற எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் தள்ளி, ஹெடர் இரண்டு ஊருக்கும் தனித்தனியாக வைத்தேன். எடையைப் பிரிக்கிற பகுதி மட்டும் பழைய கறார் சி99இலேயே கம்பைல் ஆகிறது. அந்த வீம்பை விட மனசில்லை.

காலையில் அதே அக்கா. சங்கரா, 37.600. சீட்டிலும் 37.600. சீட்டை வாங்கி, தராசை ஒரு தடவை பார்த்து, இடுப்பிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எண்ணை எழுதிக்கொண்டார். நேற்றும் எழுதினாராம்.

கரண்ட் போய் வந்தால் தானாக மறுபடி இணைய வேண்டும். அது இன்னும் பாக்கி.