அடுத்தவர் படை போட்டுக் கொடுத்த அரியணை

கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் எல்லாரும் ராஜேந்திரனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1070-இல் சில மாதங்களே ஆண்ட அதிராஜேந்திரனை யாரும் கேட்பதில்லை.

அப்பா வீரராஜேந்திரன் நிழலில் இளவரசராக இருந்தவர். அப்பா இறந்ததும் கலகம். மைத்துனர், சாளுக்கிய விக்ரமாதித்தன், படையோடு வந்து அடக்கி, இவரை அரியணையில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினார். அப்புறம் மறுபடியும் கலகம், அதில் கொல்லப்பட்டார் என்கிறார் பில்ஹணர் (விக்ரமாதித்தனின் அவைப் புலவர்; மைத்துனர் கட்சிதான், இருந்தாலும்).

என் கணக்கு இது. ஊர்ச்சபையும் நாட்டாரும் (பல ஊர்கள் சேர்ந்த ‘நாடு’ என்ற பகுதியின் பெரியவர்கள்) ஏரி, வாய்க்கால், வரி எல்லாம் பார்த்துக்கொண்ட மண் இது. அவர்களைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த நாட்டுப் படையை நம்பினால், படை ஊர் திரும்பிய பிறகு யார் காப்பாற்றுவார்?

வெளியூர்க்காரர் உதவியோடு வந்தார் என்பதால் வெறுப்பு என்றும் சொல்ல முடியாது. அடுத்து வந்த குலோத்துங்கன் ஆந்திரக் கரையோர வேங்கி நாட்டிலிருந்து வந்தவர், ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். வந்தவர் சுங்கத்தை நீக்கினார். ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ ஆனார். ஏறக்குறைய 50 ஆண்டு ஆட்சி. தஞ்சாவூர் கரந்தைக்கே ‘சுங்கந்தவிர்த்த சோழநல்லூர்’ என்று ஒரு பெயர் இருந்தது.

கரந்தைக்கார நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?