டிஸ்க் சுத்துது, லேப்டாப் கண்டுக்கல

கைமாறி வந்த பழைய லேப்டாப். இன்ஸ்டால் டிஸ்க்கைப் போட்டால் டிரைவ் உர்ரென்று உறுமும், இரண்டு தடவை இருமும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி என்று முந்தைய ஓனரின் விண்டோஸே வந்து நிற்கும்.

உடனே பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை செட்டிங்) பாயாதீர்கள். டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் (முழு டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாகச் சுருட்டியது) மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தால், அது பூட் ஆகவே ஆகாது, அதாவது அதிலிருந்து லேப்டாப் கிளம்பாது. ஃபைலாகக் காப்பி பண்ணாமல், இமேஜாக பர்ன் செய்ய வேண்டும். அதுவும் இருப்பதிலேயே குறைந்த வேகத்தில். வயசான டிரைவுக்குக் கண் மங்கல், அவசரமாக எழுதினால் படிக்காது.

"பாட்டு சிடி பாடுதே, டிரைவ் நல்லாத்தானே இருக்கு?" இதுதான் பெரிய ஏமாற்று. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று மண்டையைப் போட்டாலும் இன்னொன்று பாடிக்கொண்டிருக்கும். டிரேயை இழுத்தால் சின்னக் கண்ணாடிப் பொட்டு மாதிரி லென்ஸ் தெரியும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். வாயால் ஊதினால் தூசியோடு எச்சிலும் சேரும்.

டிஸ்க் சரி என்றால் பூட் மெனு, அதாவது ஆன் செய்ததும் ஒரு கீயை அழுத்தினால் எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதையே முதலில் பயாஸுக்குள் போய் எனேபிள் பண்ண வேண்டும் (பூட்டுக்குள்ளேயே சாவி). விண்டோஸ் டிஸ்க் என்றால் "ஏதாவது ஒரு கீயை அழுத்து" என்ற வரி சில விநாடிதான் நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டால் மறுபடியும் பழைய குருடிதான்.

மாற்றி வைத்த பூட் ஆர்டர் மறுநாள் மறந்துபோகிறதா? தேதியும் பல வருஷம் பின்னால் போயிருந்தால் பயாஸ் செட்டிங்கையும் கடிகாரத்தையும் காக்கும் சிமாஸ் பேட்டரி காலி. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். விண்டோஸ் 8 காலத்து மெஷினில் பழைய டிஸ்க் என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான டிஸ்க்கை மட்டும் விடும் காவல்) அணைத்து, லெகசியை (பழைய முறை பூட்) இயக்குங்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து லினக்ஸ் டிஸ்க் பூட் ஆகி, 'எக்ஸ்86-64 சிபியு வேண்டும்' என்று ஒற்றை வரியில் கையை விரிக்கும். டிஸ்க் 64 பிட், பிராசஸர் 32 பிட். அதற்கேற்ற டிஸ்க்கைப் புதிதாக எழுத வேண்டும். இந்தத் தடவையாவது ஐஎஸ்ஓவைக் காப்பி பண்ணிவிடாதீர்கள்.