ஸ்ரீபுரம் எந்த ஊர்?

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பஸ்ஸில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து போய்வருகிற வழிதான். ஆனால் போன மாதம் முழுக்க ஜன்னலோரம் இடம்பிடித்து, புது ஆள் மாதிரி ஒவ்வொரு ஊராக உற்றுப் பார்த்துக்கொண்டு போனேன். இதில் எது ஸ்ரீபுரம்?

ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் 1965இல் வெளியிட்ட 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' என்ற ஆய்வு நூலில் வரும் ஊர் அது. பெயர் புனைபெயர், ஊர் நிஜம். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி, இவர் டெல்லியிலிருந்து கிளம்பி 1961-62 வாக்கில் நம் பக்கம் வந்து தங்கி, யாருக்கு எவ்வளவு நிலம், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், பஞ்சாயத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். முன்பு சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே தெருவில் குவிந்து கிடந்தன, இப்போது அவை தனித்தனியாகப் பிரியத் தொடங்கியிருக்கின்றன என்பதுதான் அவர் வாதம். அக்ரகாரத்துக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போகிறார்கள், பஞ்சாயத்து மற்ற சாதியார் கைக்கு வருகிறது. அந்த இடம் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் குறுகுறுத்தது, ஏனென்றால் நாங்கள் குடியானத் தெரு, அப்படிக் கைமாறி வந்த நிலத்தில்தான் இன்றைக்கும் எங்கள் குறுவை நிற்கிறது.

அட்டவணைகள் வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டேன், பொய் சொல்வானேன்.

அப்பாயிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. ஒரு சாயங்காலம் அவளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அவரு யாரு வூட்டுல தங்குனாரு?"

அக்ரகாரத்தில் என்றேன்.

"அப்ப அவங்க சொன்னதத்தான எழுதியிருப்பாரு."

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே தங்கியதால் ஊரே தன்னை அந்தத் தெரு ஆளாகப் பார்த்தது, சேரிக்குள் நினைத்தபோது போய்வர முடியவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை. ஆனாலும், நான் நாலு நாள் படித்த பிறகு பிடிபட்டதைப் பள்ளிக்கூடமே போகாத அப்பாயி ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள்.

சரி, நம்ம தெருவிலேயே தங்கியிருந்தால் நீ அவருக்கு என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். 1952இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததைப் பற்றியெல்லாம் நான்தான் பேசினேன், அவளுக்குச் சட்டம் எதுவும் ஞாபகமில்லை. அப்புறம் களத்தைப் பற்றிச் சொன்னாள். அறுப்புக்கு வந்த பெண்களுக்குக் கொல்லைப்பக்கம் நின்று நீராகாரம் ஊற்றுவாளாம், அவர்கள் குனிந்து கையைக் குவிக்க, மேலே படாமல் உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். அவள் வயதுப் பெண் ஒருத்தி தினமும் வருவாளாம்.

அவள் பேர் என்ன அப்பாயி என்றேன்.

"பேரா? கேட்டதில்லடா."