மலாக்கா நீரிணைக்கு ஒரு பாசேஜ் பிளான்

சரக்கு ஏற்றிய வி.எல்.சி.சி. (மிகப் பெரிய கச்சா எண்ணெய்க் கப்பல்) ஒன்றை மலாக்கா நீரிணை வழியாக ஜப்பானுக்குக் கொண்டுபோக வழித்திட்டம் போடுவது கப்பலின் இரண்டாம் அதிகாரியான செகண்ட் மேட்டின் வேலை. அந்த வேலை முதன்முறையாக என் தலையில் விழுந்தபோது எப்படிச் செய்து முடித்தேன், எங்கே முட்டிக்கொண்டு நின்றேன் என்பதை இங்கே எழுதுகிறேன். செகண்ட் மேட் ஆகப்போகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், கூகுள் மேப் மாதிரி கடலுக்கும் ஏதோ ஒன்று இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கலாம். கடல் வரைபடத்தை யார் போடுகிறார்கள் என்பது நான் கப்பலேறி வெகுகாலம் யோசித்தே பார்க்காத விஷயம்.

சவுதியின் ராஸ் தனூராவில் கச்சா எண்ணெய் ஏற்றி முடித்தபோது எங்கள் டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம், 19.8 மீட்டர். கப்பலின் நீளம் 333 மீட்டர், அகலம் 60. போய்ச் சேர வேண்டிய இடம் ஜப்பானின் சிபா. வழியில் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள். அங்கே ஆழம் குறைந்த இடங்களில் வரைபட ஆழம் 23 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இந்த மாதிரிக் கப்பல்களுக்கு அடிப்புறத்துக்கும் கடல் தரைக்கும் நடுவே எந்நேரமும் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது அந்த நீரிணைகளின் விதி. ஓடும் கப்பல் நிற்கும் கப்பலைவிடக் கொஞ்சம் கீழே அமுங்கும். அதற்கு ஸ்குவாட் என்று பெயர். 11 நாட் (மணிக்கு 11 கடல் மைல்) வேகத்தில் எங்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர். மூன்றையும் கூட்டினால் 24.3. வரைபடத்தில் இருப்பதோ 23. மிச்சத்தை ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதில் வரும் ஏற்றம்தான் தர வேண்டும். ஒரு வாரம் இந்தக் கணக்கோடுதான் நான் தூங்கி எழுந்தேன்.

முதலில் சார்ட், அதாவது கடல் வரைபடம், வாங்க வேண்டும். காகித சார்ட் காலத்தில் மேசை இழுப்பறையைத் திறந்தால் போதும். இப்போது எக்டிஸ் என்ற வரைபடக் கணினியின் திரையில் ஓடுகிற மின்னணு வரைபடம், அதாவது ஈஎன்சி, சின்னச் சின்னச் செல்களாக விற்கப்படுகிறது. வழியைக் குத்துமதிப்பாக வரைந்து, அது தொடுகிற செல்களின் பட்டியலை எடுத்து விநியோகஸ்தருக்கு மெயில் அனுப்பினால் பர்மிட் கோப்பு வரும். தரவு பூட்டிய நிலையில் இருக்கும். அந்தக் கப்பலின் அந்தக் கருவிக்கு மட்டுமே திறக்கும் சாவிதான் பர்மிட். கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் எக்டிஸ் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஏற்றி, இரண்டிலும் வாராந்திரத் திருத்தங்கள் ஒரே நிலைக்கு வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் நான் நீரிணைக்குள் உதவி வேண்டி ஒதுங்கக்கூடிய துறைமுகங்களின் பெரிய அளவுச் செல்களையும் சேர்த்திருந்தேன். கரையில் இருக்கும் கம்பெனி அலுவலகத்திலிருந்து, இவை எதற்கு, செலவாகுமே என்று கேள்வி வந்தது. கேப்டன் அதற்கு ஒரே வரியில் பதில் போட்டார்: இன்ஜின் நின்றால் எங்கே போவது என்று நீங்களே சொல்லுங்கள். பர்மிட் அன்று மாலையே வந்துவிட்டது.

செல்களை ஏற்றும்போது பக்கத்தில் டெக் கேடட், அதாவது பயிற்சியில் இருக்கும் பையன், நின்றுகொண்டிருந்தான். நாகர்கோவில் பையன், எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்பான். ஒவ்வொரு செல்லின் பெயரும் இரண்டு எழுத்தில் தொடங்குகிறதே, ஏன் சார் என்றான். அது தயாரித்த நாடு. இந்தியச் செல் என்றால் ஐ.என்., மலேசியா எம்.ஒய்., இந்தோனேசியா ஐ.டி., சிங்கப்பூர் எஸ்.ஜி. அடுத்து வரும் எண் எந்த அளவிலான வரைபடம் என்பதைச் சொல்லும்: 1 என்றால் பெருங்கடலைப் பறவைப் பார்வையில் காட்டுவது, 5 துறைமுகம், 6 கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம் வரைக்கும். "அப்போ நம்ம ஒரே ஸ்ட்ரெய்ட்ல போகும்போது மூணு கவர்ன்மென்ட் சார்ட்டா சார்?" என்றான். ஆமாம், அதுதான் விஷயமே.

தன் கரையோரக் கடலை அளந்து வரைபடமாக்கித் தருவது (இந்த வேலையைத்தான் நீரியல் என்கிறோம்) அந்தந்த நாட்டின் கடமை என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை சொல்கிறது. வரைபடம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை மொனாக்கோவில் இருக்கும் சர்வதேச நீரியல் அமைப்பு தீர்மானிக்கிறது. ஆனால் நீரிணையில் ஒரு கரை ஒரு நாடு, மறு கரை இன்னொரு நாடு. இந்தோனேசியாவில் நீரியல் அலுவலகம் கடற்படையிடம் இருக்கிறது, மலேசியாவிலும் கடற்படையிடம்தான். சிங்கப்பூரில் துறைமுக ஆணையத்தின் ஒரு பிரிவு அது. இந்த மூவரோடும் நெடுங்காலமாகச் சேர்ந்து வேலை செய்வது ஜப்பான். அங்கே கடலோரக் காவல்படையின் கீழ் இருக்கிறது. கடல் தரையின் துல்லியமான அளவைக் கடற்படைகள் லேசில் வெளியே தர மாட்டா. நீர்மூழ்கிகள் ஓடுகிற இடமாயிற்றே. அப்படியிருந்தும் இவர்கள் ஒரே படகில் ஆள் ஏற்றி அளந்திருக்கிறார்கள் என்பதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

ஜப்பானுக்கு இதில் என்ன அக்கறை என்றால், போவது அவர்களுடைய எண்ணெய். 1975 ஜனவரியில் ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல், எங்களுடையதைப் போலவே முழுச் சரக்கோடு ஜப்பானுக்குப் போகையில், சிங்கப்பூர் நீரிணையில் பஃபலோ ராக் அருகே தரை தட்டியது. ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டியது. போக்குவரத்தை இருவழியாகப் பிரிக்கும் ஏற்பாடும், 3.5 மீட்டர் விதியும் அதையொட்டி மூன்று கரை நாடுகளும் பேசி முடிவு செய்து, 1977இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்று, 1981 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. கூட்டாக அளக்கும் வேலை அதற்கும் முன்பே, 1960களின் இறுதியில் தொடங்கிவிட்டது. அதில் வந்த பெரிய தலைவலி, ஒவ்வொரு நாட்டுச் சார்ட்டும் வெவ்வேறு புவியளவை அடிப்படையில் இருந்தது. ஒரே பாறைக்கு இரண்டு சார்ட்டில் இரண்டு இடம். அதைச் சரிசெய்து 1980களின் தொடக்கத்தில் பொது அடிப்படையில் சார்ட்டுகள் போட்டார்கள். பிறகு 1996 முதல் 1998 வரை நான்கு நாடுகளும் சேர்ந்து மறுபடி அளந்தன. இரு நீரிணைகளுக்குமான கூட்டு ஈஎன்சி 2005இல் வெளிவந்தது.

அளந்தாயிற்று, முடிந்தது என்று விட முடியாத இடம் அது. மலாக்கா நீரிணையில் ஒன் ஃபாதம் பேங்க் என்ற மணல்திட்டுப் பக்கம் கடல் தரை மணல். நீரோட்டம் அதை வரிவரியாகக் குவித்து நகர்த்திக்கொண்டே இருக்கும். சில மணல் மேடுகள் பல மீட்டர் உயரம். பத்து வருடத்துக்கு முந்தைய 23 மீட்டர் இன்றைக்கும் 23 மீட்டர்தானா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் மறுபடி ஒரு கூட்டு அளவீடு நடந்தது. முதல் கட்டத்தில் 23 மீட்டருக்கும் ஆழம் குறைந்த ஐந்து முக்கியமான இடங்களை எடுத்துக்கொண்டு 2015இல் முடித்தார்கள். போக்குவரத்துப் பாதையின் மற்ற பகுதிகளை அளக்கும் இரண்டாம் கட்டம் 2017இல் தொடங்கியது. அந்த ஐந்து இடங்களும் என் பிளானில் நான் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்த இடங்கள்தான்.

இந்த அளவீடு எனக்கு என்ன தந்தது என்பதை எண்ணிலேயே சொல்லலாம். ஈஎன்சியில் ஒவ்வொரு பகுதிக்கும் தரவின் தரம் குறிக்கப்பட்டிருக்கும்; திரையில் நட்சத்திரங்களாகக் காட்டும். ஆறு நட்சத்திரம் என்றால் ஏ1. அங்கே 23 மீட்டர் ஆழத்தில் பிழை முக்கால் மீட்டருக்குள். நான்கு நட்சத்திரம் என்றால் பி. பிழை ஒன்றரை மீட்டர் வரை போகலாம். மூன்று நட்சத்திரம், சி தரம் என்றால் மூன்று மீட்டரையும் தாண்டும். என் கையில் இருக்கும் இடைவெளியே 3.5 மீட்டர். ஆக, சி தரப் பகுதியில் இந்தக் கப்பலுக்கு என் கணக்கு வெறும் காகிதம். பாதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து, பிழை அளவைத் தனி நெடுவரிசையாகப் போட்டேன். நட்சத்திர அடுக்கு திரையை நிரப்பிவிடும் என்பதால் நிறைய பேர் அதை அணைத்தே வைத்திருப்பார்கள். பிளான் போடும்போதாவது திறந்து பாருங்கள்.

நான் உண்மையில் மாட்டிக்கொண்டது அடுத்த கட்டத்தில். எக்டிஸில் பாதுகாப்பு ஆழக்கோடு என்று ஓர் எண் கொடுக்க வேண்டும்; அதற்குக் குறைந்த ஆழத்தை அது நீலமாக்கி, கப்பல் அதற்குள் போகப்போனால் அலறும். நான் 24.3 என்று கொடுத்தேன். கருவிக்கு அந்தக் கோட்டைத் தானாக வரையத் தெரியாது. செல்லில் ஏற்கெனவே இருக்கும் கோடுகளில் அடுத்த ஆழமானதைத்தான் எடுக்கும். 20 மீட்டர்க் கோடு இருக்கிறது, 30 மீட்டர்க் கோடு இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. 30ஐ எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான், நாங்கள் போக வேண்டிய ஆழ்நீர்ப் பாதையே பல இடங்களில் நீலமாகிவிட்டது. வழியைச் சோதிக்கச் சொன்னால் பக்கம் பக்கமாக எச்சரிக்கை.

இங்கேதான் ஆள்கள் வழுக்குவார்கள். எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதென்று கோட்டை 20க்கு இறக்கினால் திரை வெள்ளையாகிவிடும், மனசும் லேசாகிவிடும். கருவி இனி எதையும் சொல்லாது. 2013இல் டோவர் நீரிணையில் ஓவிட் என்ற டேங்கர், அமைப்புகள் சரியில்லாமல், ஒலி எச்சரிக்கையும் வேலை செய்யாமல், வார்ன் மணல்திட்டு மேலேயே வழி போட்டுக்கொண்டுபோய் உட்கார்ந்தது. வகுப்பில் எங்களுக்கு அதை விரிவாகவே நடத்தியிருந்தார்கள்.

கேப்டனிடம் போனேன். அவர் ரத்னகிரிக்காரர், சத்தமே போட மாட்டார். "செகண்ட், கோட்டை 30லேயே விடு. 24.3க்குக் குறைவான ஒவ்வொரு ஆழ எண்ணையும் நீ கையால் வளைத்துப் போடு" என்றார். பாதுகாப்பு ஆழம் என்ற இன்னொரு எண்ணை 24.3 ஆக்கினால், அதற்குக் குறைந்த ஆழ எண்கள் எல்லாம் தடித்த கறுப்பில் தெரியும். அவற்றைத் தொடுத்து, போகக்கூடாத இடம் என்று ஒரு மேலடுக்கு வரைந்து, அபாய எச்சரிக்கையோடு இணைத்தேன். இரண்டு வாட்ச்சுக்கு (காவல் பணிக்கு) நடுவே கிடைத்த நேரமெல்லாம் அதற்கே போயிற்று. மலேசியச் செல் முடிந்து அடுத்த நாட்டுச் செல் தொடங்கும் எல்லைகளில் மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன்: ஆழக்கோடு அந்தப் பக்கமும் அதே இடத்தில் தொடர்கிறதா, மிதவை ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்று. கோடுகள் ஒட்டிக்கொண்டு ஓடின. பொதுவான அடிப்படை, கூட்டு அளவீடு என்று மேலே சொன்ன அத்தனையும் எனக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது அந்த எல்லைகளில்தான். ஒட்டாவிட்டால் செகண்ட் மேட் என்ன செய்ய முடியும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது.

தற்காலிக அறிவிப்புகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லா நாடுகளும் அவற்றைச் செல்லுக்குள் போடுவதில்லை. ரேடியோ எச்சரிக்கைகளை வங்கக்கடல் வரை இந்தியா ஒருங்கிணைக்கிறது. நீரிணைப் பகுதிக்கு ஜப்பான்.

பிறகு ஓதம். ஒன் ஃபாதம் பேங்கிலிருந்து சிங்கப்பூர் நீரிணையின் ஆழம் குறைந்த இடங்கள் ஏறத்தாழ 200 கடல் மைல். அங்கேயும் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும், இங்கேயும் ஏறியிருக்க வேண்டும். அந்த ஆழ்நீர்ப் பாதைகளில் தரைமேல் வேகம் 12 நாட்டைத் தாண்டக்கூடாது என்ற அறிவுரை வேறு. அதனால் கடைசிப் புள்ளியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். நீரிணை வாசலுக்கு எப்போது வர வேண்டும் என்று பார்த்தால், இலங்கையின் தெற்கு முனை தாண்டியவுடனேயே வேகத்தைக் குறைத்தாக வேண்டியிருந்தது. சீஃப் இன்ஜினியருக்கு மகிழ்ச்சி, எண்ணெய் மிச்சம்.

கடந்துபோன நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை; பிளான் சரியாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். 1998 டிசம்பரிலிருந்து நீரிணை முழுக்க ஒன்பது பகுதிகளாகப் பிரித்துக் கப்பல்கள் தகவல் சொல்லும் முறை இருக்கிறது. முதல் ஐந்து பகுதிகளில் கிள்ளான், ஆறாவதில் ஜோகூர், கடைசி மூன்றில் சிங்கப்பூர். ரேடியோவில் சேனல் 73, 14, 10 என்று மாற்றிக்கொண்டே போனோம். கேடட் எதிரொலி ஆழமானியில் வந்த எண்ணைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். வரைபட ஆழத்தோடு ஓதத்தைக் கூட்டி, டிராஃப்ட்டையும் ஸ்குவாட்டையும் கழித்தால் வர வேண்டிய எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சிங்கப்பூர் நீரிணையில் பத்து பெர்ஹந்தி அருகே பாதை மிகவும் குறுகும் இடத்தில், எங்களைக் குறுக்கே வெட்டிப்போன ஒரு கப்பல், குறுக்கே போகிறவர்கள் காட்ட வேண்டிய மூன்று பச்சை விளக்குகளைப் போடவே இல்லை. எந்தச் சார்ட்டும் அதைச் சொல்லித்தராது.

வழியில் ஒரு மிதவையின் விளக்கு, சார்ட்டில் சொன்ன மாதிரி மின்னவில்லை. நீரியல் குறிப்புப் படிவம் நிரப்பி அனுப்பினேன். நான் அனுப்பிய அலுவலகம், அந்த இடம் பக்கத்து நாட்டுப் பொறுப்பில் வருவதால் அவர்களுக்கு மாற்றிவிட்டதாகப் பதில் எழுதியது. சில வாரங்களில் திருத்தம் வந்தது. புதிய எஸ்-101 வகை வரைபடங்கள் வந்துகொண்டிருக்கின்றன; 2029 முதல் புதிதாகப் பொருத்தும் எக்டிஸ் எல்லாம் அவற்றைப் படிக்க வேண்டும். அவற்றோடு சேர்ந்து வரும் நெருக்கமான ஆழத் தரவு இருந்தால் 24.3க்குக் கோட்டைக் கருவியே போட்டுவிடும், கையால் வளைக்க வேண்டியிராது. அதுவரை படிவம் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: திரையைப் படம் எடுத்தால் இடம், நேரம், செல்லின் பெயர், திருத்த எண் நான்கும் தெரியும்படி எடுங்கள். இவை இல்லாத படத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.